கம்ப்யூட்டர் காஜி ஆகலாமா?

 

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் என்றோர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அந்த ஊரின் மலையைத்தான் பார்ப்பார்கள். அங்கே சிறிய மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரை அண்மையில் பார்க்கப் போயிருந்தேன். போன காரியம் வேறு. ஆனால் ஸலாம் சொல்லி உட்கார்ந்ததுமே அவர் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார்.

"பாய், இதைக் கொஞ்சம் பாருங்க. மகளோட படிப்பு உதவித்தொகை நின்னுபோச்சு. ஆபீஸ்ல கேட்டா, பேரு ஒத்துப்போகலை, சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. யாரைப் பார்க்கணும்னு கேட்டா, யாரையும் பார்க்க முடியாது, அது தானா பண்ணுறதுங்கிறாங்க."

உறையிலிருந்த காகிதங்களைப் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மனிதருடையவை. ஆனால் 'முகம்மது' என்ற அந்த முபாரக்கான பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக நிற்கிறது! ஆங்கிலத்தில் ஒன்றில் ஒரு 'எம்', மற்றொன்றில் இரண்டு 'எம்'. ஒன்று 'டி'யில் முடிகிறது, இன்னொன்று 'டிஎச்'சில் முடிகிறது. வங்கிப் புத்தகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா சோம்பல்பட்டு 'எம்.டி.' என்று இரண்டே எழுத்தில் முடித்துவிட்டார். ரேஷன் கார்டில் தகப்பனார் பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கிறது. ஆதாரில் முழுப்பெயராகப் பின்னால் போய்விட்டது. ஒரு மனிதர், ஐந்து காகிதங்கள், ஐந்து பெயர்கள்.

இதில் என்ன பெரிய விஷயம், எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்கிறீர்களா? எல்லா வீட்டிலும் இருப்பதால்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

உலகம் எதற்குப் பயப்படுகிறது?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று பேசாத ஆளில்லை. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தது முதல் டீக்கடை முதல் பாராளுமன்றம் வரை இதே பேச்சு. இந்த இயந்திரங்கள் மனிதனை மிஞ்சிவிடுமா, மனித குலத்தையே அழித்துவிடுமா என்று அறிஞர்கள் கேட்கிறார்கள். அதைக் கேட்பவர்களில் ஜெஃப்ரி ஹின்டன் ஒருவர். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான அவர், 2023ல் கூகுள் நிறுவனத்தை விட்டு வெளியேறி இதன் ஆபத்துகளைப் பற்றிப் பகிரங்கமாகப் பேச ஆரம்பித்தார். 2024ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இப்படிப்பட்டவர் அஞ்சுவதை நாம் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

ஆனால் சகோதரர்களே, நாளை வரப்போகும் இயந்திர மனிதனைப் பற்றி அவர்கள் விவாதித்துக் கொண்டிருக்கட்டும். பெருமுக்கல் கடைக்காரருக்கு ஆபத்து வந்து சேர்ந்துவிட்டது. அதற்குக் கையும் காலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. "சிஸ்டம் எடுக்கவில்லை" என்ற இரண்டு வார்த்தைகளில் அது வந்து நிற்கிறது. மனிதனைப் பற்றிய முடிவை இயந்திரம் எடுக்கிறது, அந்த முடிவுக்கு எந்த மனிதனும் பொறுப்பேற்பதில்லை. நான் அஞ்சுவது இதைத்தான்.

ஹைதராபாத்தில் நடந்தது என்ன?

கற்பனையாகச் சொல்லவில்லை. தெலங்கானா மாநில அரசு 'சமக்ர வேதிகா' என்ற பெயரில் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. வாகனப் பதிவு, சொத்து, மின் இணைப்பு என்று பல துறைகளின் பதிவேடுகளை அது ஒன்றாகச் சேர்த்து, இன்னார் ஏழை, இன்னார் ஏழையில்லை என்று பிரித்துச் சொல்லும். எந்தப் பெயர் எந்தப் பெயரோடு பொருந்துகிறது என்று பார்த்துச் சேர்ப்பதுதான் அதன் முக்கிய வேலை.

ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒரு முஸ்லிமின் விதவைக்கு மானிய அரிசி மறுக்கப்பட்டது. காரணம், அவர் கணவர் கார் வைத்திருந்தாராம்! காருக்குச் சொந்தக்காரர் வேறொருவர். இரண்டு பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன, அவ்வளவுதான். இயந்திரம் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. குடிசையில் இருந்த அந்தத் தாய் கார்க்காரர் வீட்டுப் பெண்ணாகிவிட்டார். 2024 ஜனவரியில் அல்ஜஸீரா இதை விரிவாக வெளியிட்டது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. அந்த மாநிலத்தில் 2016 முதல் ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் கார்டுகள் ரத்து செய்யப்பட்டிருந்தன. முன்னறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை. இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனவர் ஹைதராபாத்தின் சமூக சேவகர் எஸ்.கியூ.மசூத். வீடு வீடாகப் போய் மறுபடியும் சரிபாருங்கள் என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிச் சரிபார்த்தபோது தகுதியிருந்தும் கார்டை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தது தெரியவந்தது. இடைப்பட்ட வருடங்களில் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்த இயந்திரத்தின் பதிவிலும் இல்லை.

நம் முன்னோர் கண்ட பிழை

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'அல்காரிதம்' என்ற சொல்லே பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அதே பக்தாதில் வாழ்ந்த இன்னொருவரை நம் மேடைகள் அதிகம் பேசுவதில்லை. அவர் ஹிஜ்ரி 463ல் (கி.பி. 1071) காலமான ஹதீஸ் கலை மேதை கதீப் அல்பக்தாதி.

ஹதீஸ் அறிவிப்பாளர்களில் ஒரே பெயர் கொண்ட பலர் இருந்தார்கள். தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும். ஒருவர் நம்பகமானவர், அதே பெயருள்ள மற்றவர் பலவீனமானவர். இவரை அவராக எடுத்துக்கொண்டால் மார்க்கமே மாறிப்போகும். ஆகவே பெயர் ஒன்றாகி ஆள் வேறாக இருப்பவர்களைப் பிரித்துக் காட்டவே கதீப் ஒரு தனி நூல் எழுதினார். அதோடு நிற்கவில்லை. ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிட்டவர்களின் பிழையையும், இரண்டு ஆளை ஒருவராக்கிவிட்டவர்களின் பிழையையும் எடுத்துக்காட்ட இன்னொரு நூலும் எழுதினார். எந்த ஊர், யாரிடம் படித்தார், எந்த வருடம் மவுத்தானார் என்று ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் அந்த அறிஞர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

ஹைதராபாத் விதவைக்கு நடந்தது இரண்டு பேரை ஒருவராக்கிய பிழை. பெருமுக்கல் கடைக்காரருக்கு நடந்தது ஒருவரை ஐந்து பேராக்கிய பிழை. சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பெயரிட்டு எச்சரிக்கப்பட்ட இந்த இரண்டு பிழைகளைத்தான் இன்று கோடிக்கணக்கில் செலவழித்த இயந்திரங்கள் செய்கின்றன!

பெருமுக்கல்லுக்கே இந்தக் கதி உண்டு. அந்த மலைக்கோட்டையை 1760ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி பிடித்தார். 1782ல் அது ஹைதர் அலியின் படைக்குப் பணிந்தது. ஆனால் பழைய ஆங்கில யுத்த நூல்களில் 'பெருமுக்கல்' என்று தேடினால் கிடைக்காது. 'பெர்மகாயில்' என்று தேட வேண்டும். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டுப் போனார்கள். மலைக்கு நஷ்டமில்லை, அது அங்கேயே நிற்கிறது. மனிதனுக்கு அப்படியா? காகிதத்தில் பெயர் மாறினால் அரிசி நின்றுவிடுகிறது, படிப்பு நின்றுவிடுகிறது.

பெயருக்கு அடுத்தது முகம்

2020 பிப்ரவரியில் டெல்லி கலவரம். மார்ச் மாதம் உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் பேசினார். முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் மூலம் 1,100க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்றார். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களெல்லாம் அதில் போடப்பட்டன. இது வெறும் மென்பொருள், மதத்தைப் பார்க்காது, முகத்தை மட்டுமே பார்க்கும் என்ற பொருளில் விளக்கமும் தந்தார்.

சரி, அந்த மென்பொருள் எவ்வளவு நன்றாக முகம் பார்க்கிறது? காணாமற்போன குழந்தைகளைக் கண்டுபிடிப்பதில் அதன் துல்லியம் 2 சதவீதம் என்று 2018ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் சொன்னது அதே டெல்லி போலீஸ்தான். பின்னர் 2022ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, 80 சதவீதம் ஒத்துப்போனால் ஆள் அவர்தான் என்று எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. உங்கள் முகத்தில் 80 சதவீதம் உங்கள் தம்பியிடமும் இருக்கும். தாடியும் தொப்பியும் வைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

நம் தமிழகத்திலும் 2021 அக்டோபரில் காவல்துறைக்கு இப்படியொரு முக அடையாள மென்பொருள் தரப்பட்டது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்து தகவல்களைத் திருடிவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. நம் முகங்களைச் சேர்த்து வைத்தவர்களுக்கு அவற்றைக் காப்பாற்றத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய அமானிதத்தைக் கையில் வைத்திருப்பவர்களை யார் கேட்பது? 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆனால் அரசு அமைப்புகள் எவற்றுக்கு விலக்குத் தரலாம் என்பதை மத்திய அரசே தீர்மானிக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

தடாவும் 1998 கோவையும் நம் சமுதாயத்துக்குத் தெரியாதவை அல்ல. அப்துல் நாசர் மஃதனி 1998ல் கைதாகி, ஒன்பது வருடங்களுக்கு மேல் சிறையில் கழித்த பிறகு 2007 ஆகஸ்டில் கோவைத் தனி நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். அந்த வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் குற்றம் சொன்னவன் மனிதன். அவனைக் கூண்டில் ஏற்றலாம், குறுக்கு விசாரணை செய்யலாம், நீ எங்கே நின்று பார்த்தாய், வெளிச்சம் எவ்வளவு இருந்தது என்று வக்கீல் கேட்கலாம். '82 சதவீதம்' என்று ஓர் எண்ணைத் துப்பிவிட்டு மௌனமாக இருக்கும் இயந்திரத்தை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

இதன் கடைசிப் படி எங்கே போய் முடியும் என்பதற்குக் காஸா சாட்சி. 2024 ஏப்ரலில் '+972' என்ற பத்திரிகை, இஸ்ரேலிய உளவுத்துறையினர் ஆறு பேரின் வாக்குமூலத்தை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. 'லாவெண்டர்' என்ற செயற்கை நுண்ணறிவு ஏற்பாடு, கொல்லப்பட வேண்டியவர்கள் என்று 37,000 பாலஸ்தீனர்கள் வரை குறித்துக் கொடுத்ததாம். நூற்றுக்குப் பத்து தவறாக இருக்கும் என்பது அவர்களுக்கே தெரியுமாம். குண்டு போடுமுன் ஓர் அதிகாரி அந்தப் பெயரைப் பார்க்கச் செலவிட்டது சுமார் 20 வினாடி, அதுவும் அது ஆணின் பெயர்தானா என்று பார்க்க! இஸ்ரேல் ராணுவம் இதை மறுத்தது. காஸாவின் இடிபாடுகள் மறுக்கவில்லை.

எந்த மார்க்கத்தில் இது நீதி? இரு தரப்பையும் கேட்காமல் காஜி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நம் ஷரீஅத். ஒரு செய்தி வந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதபடி அதைத் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. விசாரணை என்பது மனிதன் மனிதனுக்குச் செய்யும் கடமை. அதை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு 'சிஸ்டம் எடுக்கவில்லை' என்று கையை விரிப்பவன், தீர்ப்பையும் சொல்லிவிட்டுப் பொறுப்பிலிருந்தும் தப்பிக்கிறான்.

(அந்த வசனம் நமக்கும் சேர்த்துத்தான். இயந்திரம் தயாரித்த பொய்ப் படங்களையும் பொய்க் குரல்களையும் விசாரிக்காமல் வாட்ஸ்அப்பில் பரப்புவதில் நம் இளைஞர்கள் யாருக்கும் பின்தங்கவில்லை.)

ஒதுங்கிவிடலாமா?

கூடாது. ஆங்கிலம் படிப்பது ஆகாது என்று நம்மில் சிலர் ஒரு காலத்தில் ஒதுங்கியதன் நஷ்டத்தைத்தான் இன்னும் அடைத்துக் கொண்டிருக்கிறோம். 1875ல் அலிகரில் கல்விக்கூடம் தொடங்கிய சர் சையத் அஹ்மத் கானுக்கு எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதை வரலாறு சொல்லும். இயந்திரத்துக்கு ஹலால் ஹராம் தெரியாது. அது ஒரு கருவி. ஆலிமுக்கு நூல் தேடித் தரும், வியாபாரிக்குக் கணக்கு எழுதும், கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித் தரும். இளைஞர்களே, அதைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அது எப்படி முடிவெடுக்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். கணிதம் படியுங்கள், புள்ளியியல் படியுங்கள், சட்டம் படியுங்கள். குறிப்பாகச் சட்டம். மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் ஓரளவு நம்மிடம் இருக்கிறார்கள். அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை.

கேள்வி கேட்டால் நடக்கும் என்பதற்கு ஹாலந்து நாட்டைப் பாருங்கள். அங்கே குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தவர்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீது வரித்துறை பழி சுமத்தியது. யாரைச் சந்தேகிப்பது என்று காட்டிக் கொடுத்ததில் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. வேற்று நாட்டுக் குடியுரிமை இருப்பதையே அது சந்தேகத்துக்கு ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. துருக்கி, மொராக்கோ வம்சாவளியினர் பலர் அதில் சிக்கினார்கள். வீடு இழந்தார்கள், கடனில் மூழ்கினார்கள். பெற்றோர்களும் வக்கீல்களும் பத்திரிகைகளும் விடாமல் கேட்டார்கள். 2021 ஜனவரியில் அந்த நாட்டு மந்திரிசபையே ராஜினாமா செய்தது.

நம் கையில் இருப்பது

தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி). இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அரசு அலுவலகம் எடுத்த நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியது அந்த அலுவலகத்தின் கடமை என்கிறது அது. கம்ப்யூட்டர் எடுத்த முடிவு என்று அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, இன்ன தேதியில் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, எந்த ஆவணத்தை எந்த ஆவணத்தோடு ஒப்பிட்டீர்கள், அதைச் சரிபார்த்த அதிகாரி யார் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

அடுத்தது பெயர். ஆதாரில் பெயரைத் திருத்த ஆயுளில் இரண்டே வாய்ப்புத்தான். அவசரப்பட்டு இ-சேவை மையத்துக்கு ஓடி, அங்கே இருப்பவர் தட்டியதை ஒப்புக்கொண்டு வந்துவிடாதீர்கள். பள்ளிச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அதை அடிப்படையாக வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய், மற்றவற்றை அதற்கு ஒத்தபடி மாற்றுங்கள். பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும் அன்றே ஆங்கில எழுத்துக்களை முடிவு செய்துவிடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. நிக்காஹ் பதிவேட்டில் இன்றைக்கும் பேனா போன போக்கில் பெயர் எழுதுகிறோம். நாளைக்கு அந்தப் பெண் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலகத்தில் போய் நிற்கும்போது நாமே ஒரு புதிய 'பெயர் பொருந்தவில்லை'யைச் செய்து கொடுத்தவர்கள் ஆகிறோம். நிக்காஹுக்கு முன்பே இரு தரப்பின் அடையாளச் சான்றையும் வாங்கிப் பார்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? மஹல்லாவில் கம்ப்யூட்டர் தெரிந்த நான்கு பிள்ளைகளை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார வைத்தால், வீட்டு வீடாக இந்தக் காகிதங்களைச் சரி பார்த்துவிடலாம். முஸ்லிம் வீடு மட்டும் என்று இருக்கக் கூடாது. பக்கத்துத் தெரு அந்தோணிசாமிக்கும் முனியம்மாளுக்கும் இதே பிரச்சினைதான் இருக்கிறது.

பெருமுக்கல் சகோதரருக்கு அன்று கடையில் உட்கார்ந்தே மனுவை எழுதிக் கொடுத்தேன். ஆதார்த் திருத்தத்துக்குப் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்தார். அதில் பெயர் சரியாகவே இருந்தது. மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை, முப்பது நாளும் இன்னும் முடியவில்லை. தபால் ரசீதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்.